பேச்சுத்துணைக்கு ஆள் அனுப்புகிறார்களாமே, அதெல்லாம் நட்பா?

2025 ஜூலை 6, மாலை 6.10. சேலம் வாசகர் கேட்டது:

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. சேலத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். இங்கே வந்து இருக்கச் சொன்னால் கேட்பதில்லை. தனியாக இருக்கும் பெரியவர்களிடம் வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வர ஆட்களை அனுப்பும் அமைப்புகள் இருப்பதாக ஆபீஸில் ஒருவர் சொன்னார். சம்பளம் இல்லாத தொண்டாம். கடிகாரம் பார்த்து வந்து கடிகாரம் பார்த்துக் கிளம்புகிறவர் எப்படி நண்பர் ஆவார்? நாடகம் இல்லையா இது? அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

ஜூலை 6, இரவு 9.40

நாடகம்தான். மறுக்கவில்லை. முதல் மூன்று மாதம் சுத்தமான நாடகம். இரண்டு பேரும் வசனம் மறந்த நடிகர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் இரண்டரை வருஷமாகப் போகிறேன். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒரு அமைப்பில் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது). அரை நாள் பயிற்சி. பணம் வாங்காதே, கொடுக்காதே, மாத்திரை எடுத்துக் கொடுக்காதே, பேங்க் வேலை செய்து தராதே, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதே. சென்னை அயனாவரத்தில் ஒரு பெரியவர் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வயது 83. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் மஸ்கட்டில். ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை நாலு மணிக்குப் போவேன்.

என்ன பேசினோம்? சாப்பிட்டீர்களா, தூக்கம் வந்ததா, மகள் போன் செய்தாளா. இப்படிச் சின்ன சின்ன கேள்விகள். அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். டாக்டரிடம் சொல்வது மாதிரி. ஐந்து மணி ஆனதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நிம்மதி.

ஜூலை 6, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பேச்சுத்துணை என்று நம்மிடமே ஒரு வார்த்தை இருக்கிறது. முன்பு அதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கவில்லை. திண்ணை இருந்தது, பக்கத்து வீட்டு அத்தை இருந்தாள், கடன் கேட்க வருகிறவன் இருந்தான். (அப்போது தனிமையே இல்லை என்று யாரும் கிளம்பாதீர்கள். கூட்டுக்குடும்பத்தின் பின்கட்டில் யாரும் பேசாமல் கிடந்த அத்தைகளை எனக்குத் தெரியும்.)

இதை ஒரு தொண்டாக வடிவமைத்ததில் பெரிய பங்கு லண்டனைச் சேர்ந்த சாட் வாரா என்ற பாதிரியாருக்கு உண்டு. 1953இல், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். கூட்டம் வந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து உட்காரவைக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். பலர் டீ கொடுத்தவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே பேச்சு வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அவருடைய சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது அப்படித்தான். கொழும்பில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும், 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகாவும் இதே வழியில் வந்தவை. அவை நெருக்கடிக்கு. நான் செய்வது நெருக்கடி இல்லாத, வெறும் புதன்கிழமைகளுக்கு.

ஜூலை 9, புதன், மாலை 6.30

இப்போதுதான் அங்கிருந்து வந்தேன். இரண்டு போர்டு, இரண்டிலும் தோற்றேன்.

கேரம் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலாவது மாதம் என்று ஞாபகம். பேச ஒன்றும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பீரோவுக்குப் பின்னால் கேரம் போர்டின் ஓரம் தெரிந்தது. "எனக்கு ஆடத் தெரியாது, சொல்லித் தர்றீங்களா?" என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். அந்த மனிதர் எழுந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போர்டை எடுத்து ஈரத்துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து போரிக் பவுடரை விரல் நுனியில் எடுத்துத் தூவினார். ஃபேன் கொக்கியிலிருந்து ஒயர் இழுத்து, தகர மூடி போட்ட ஒரு பல்பை போர்டுக்கு நேர் மேலே தொங்கவிட்டார். மூடியை அவரே வெட்டி வளைத்தாராம். முப்பத்தொன்பது வருஷம் ராடு பிடித்த கை. கட்டைவிரல் மடங்காது, அதனால் நடுவிரலால்தான் ஆட்டம். "அடிக்காதீங்க சார், தட்டுங்க. காய்க்கு வழி தெரியும்" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு மணிக்குத்தான் கிளம்பினேன். விதிமீறல் நம்பர் ஒன்று.

சேலம் வாசகரே, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். நான் கொடுக்கப் போனபோது அவர் ஒரு நோயாளி. நான் கேட்கப் போன அன்றைக்கு அவர் வாத்தியார்.

ஜூலை 9, இரவு 8.05

மேலே கடைசி இரண்டு வரி கொஞ்சம் சினிமா வசனம் மாதிரி இருக்கிறது. ஆனால் பொய் இல்லை, இருக்கட்டும்.

இன்னொன்று. முதல் வருஷம் முழுக்க "வாங்க சார்". அப்புறம் "வாங்க தம்பி". போன வருஷம் ஒரு நாள் நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனபோது, கதவைத் திறந்துகொண்டே "என்னப்பா, ஆற அமர வர்றே" என்றார். செருப்பைக் கழற்றும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 57 வயதில் ஒருவர் என்னை "வர்றே" என்று சொல்லி எத்தனை நாளாயிற்று! எங்கள் அப்பா போன பிறகு யாரும் இல்லை.

ஜூலை 13

"மாதச் சந்தா கட்டினால் படித்த பையன்களையே அனுப்புகிறார்கள், எதற்கு ஓசியில்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்விதான். 2022இல் மும்பையில் ரத்தன் டாட்டா முதலீட்டோடு வந்த குட்ஃபெலோஸ் அந்த வகை. நான் எதிரி இல்லை. கூலி கொடுத்தால் கேள்வி கேட்கும் உரிமை வரும். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று தைரியமாகக் கேட்கலாம். ஓசியில் வருகிறவனை அப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். என் பெரியவர் ஆரம்பத்தில் அந்தக் கூச்சத்தில்தான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. கூலி இல்லாத இடத்தில் அந்த உரிமையை வேறு எதையாவது வைத்துத்தான் கொடுக்க முடியும். அது என்னவென்று புரிந்துகொள்ள முயற்சிக்கிறேன். எங்கள் விஷயத்தில் கேரம்.

ஜூலை 13, சற்று நேரம் கழித்து

திருத்தம். ஐ.சி.எஃப். ஆரம்பித்தது 1952 என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். பெரியவரிடம் போனில் சொன்னேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். 1955 அக்டோபர் 2, நேரு வந்து திறந்தார். இவர் சேர்ந்தது 1963. அந்த எட்டு வருஷத்தைத் தவறவிட்ட வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

ஜூலை 20

இதனால் நிஜமாகவே பயன் உண்டா, ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. 2010இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் இப்படிப்பட்ட பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைகிறது, ஆனால் கொஞ்சமாகத்தான். அற்புதம் எதுவும் இல்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. வாரத்தில் 168 மணி நேரம், அதில் நான் ஒன்று.

எண்களை நான் ரொம்ப நம்புவதுமில்லை. எங்கள் அமைப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். "தனிமை உணர்வு: 1 முதல் 10க்குள்." பெரியவரிடம் வாசித்தேன். "போன தடவை என்ன போட்டோம்?" என்றார். ஆறு என்றேன். "அதையே போடு. மாத்துனா ஏன்னு கேப்பாங்க."

என் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு ஆராய்ச்சி. ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற அமெரிக்கர் 1976இல் வெளியிட்டது. ஒரு முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். ஒரு குழுவினருக்கு, மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதை அவர்களே சொல்லலாம். இரண்டாவது குழுவுக்கு வரும் நேரம் முன்கூட்டியே தெரியும். மூன்றாவது குழுவிடம் திடீர் திடீரென்று வந்து போனார்கள். நாலாவது குழுவுக்கு யாரும் வரவில்லை. முதல் இரண்டு குழுவும் நன்றாகத் தேறின. மூன்றாவது குழு? அதே அளவு ஆள் வந்தும், யாருமே வராத குழுவைவிடப் பெரிதாகத் தேறவில்லை. கடிகாரம் பார்த்து வருவதைக் கிண்டல் செய்தீர்களே சேலம் வாசகரே, கடிகாரத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. புதன் நாலு மணி என்றால் செவ்வாயே பவுடர் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிடலாம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. சோதனை முடிந்ததும் மாணவர்கள் போய்விட்டார்கள். அந்த முதியவர்களை ஷூல்ஸ் மறுபடி போய்ப் பார்த்து 1978இல் எழுதினார். முன்பு தேறிய அந்த இரண்டு குழுக்கள்தான் சரிந்திருந்தன. மற்றவர்கள் இருந்தபடியே இருந்தார்கள்.

ஜூலை 20, இரவு

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஐ.சி.எஃப். பெரியவர் எனக்கு இரண்டாவது ஆள்.

2022 கடைசியில் முதலில் அனுப்பியது வில்லிவாக்கத்தில் ஒரு தமிழாசிரியர் வீட்டுக்கு. ஓய்வு பெற்ற புலவர். வாயைத் திறந்தால் திருத்துவார். "என் வீடும் அருகாமையில்தான் ஐயா" என்றேன். அருகாமை என்றால் நெருங்காமை என்று அரை மணி நேரம் போனது. "இல்லைங்க, வந்து..." என்றால், "வந்து எங்கே போகிறது?" என்பார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனதுபோல இருந்தது. இரண்டு மாதம் தாங்கினேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிக் கழன்றுகொண்டேன். மாமியார் நன்றாகத்தான் இருந்தார். புலவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. "அடுத்த புதன் பார்க்கலாம் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்ததுதான் கடைசி. அமைப்பு வேறு ஆளை அனுப்பியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆள் இல்லையாம். அவர்கள்மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதி என்மேல் இருக்கும் கோபம்.

ஜூலை 21

சேலம் வாசகரின் அம்மா சொன்ன பதிலைப் படித்தீர்களா? "பேச்சுத்துணைக்கு ஆள் எதுக்குடா, நீயே வா." ஆராய்ச்சி முடிந்தது.

செப்டம்பர் 3, புதன், இரவு

ஒன்றரை மாதமாக எழுதவில்லை, ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன். போன வாரம்வரை.

ஆகஸ்ட் 27 புதன்கிழமை, விநாயகர் சதுர்த்தி. வீட்டில் விருந்தினர்கள். பண்டிகை நாள்தானே, நான் வரமாட்டேன் என்று அவருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். போன்கூடச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குக் குடை வைத்து, சுண்டல் தாளித்து, பத்துப் பேர் சாப்பிட்டார்கள்.

இன்று நாலு மணிக்குப் போனேன். கதவு திறந்தது. "வாங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை, குரல் உயரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போர்டு பீரோவுக்குப் பின்னால் போயிருந்தது. "சாப்பிட்டீங்களா சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று அவர் கேட்கக் கேட்க, முதல் மூன்று மாதம் நான் எப்படிக் கேட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் எடுக்கப் போனபோது சமையல்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் கடையில் வாங்கிய கொழுக்கட்டை நாலு, ஒரு வாரத்துப் பூசணத்தோடு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இனிப்பு தொடமாட்டார்.

தனியாக இருக்கிறவருக்குப் பண்டிகை நாள்தான் நீளம். தெரு முழுக்கச் சத்தம், அவர் வீட்டு அழைப்பு மணி மட்டும் அடிக்காது. பயிற்சியில் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை, எனக்கே தெரிந்திருக்கலாம்.

செப்டம்பர் 10

மறுபடி சார்.

செப்டம்பர் 17

சார்தான். ஆனால் போர்டு வெளியே வந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் சிகப்பு போட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயையும் போட்டு, என்னை ஒரு காய்கூடப் போடவிடாமல் முடித்தார். இவ்வளவு இரக்கமில்லாமல் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

இந்த முறை பண்டிகை புதன்கிழமையில் வந்ததும் காலை பத்து மணிக்கே போய்விட்டேன். போர்டுக்குச் சந்தனம், குங்குமம், பொரிகடலை. ஸ்ட்ரைக்கருக்குத் தனியாக ஒரு பொட்டு. பழைய வெல்டிங் கண்ணாடி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தார். பீரோ கதவில் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய காசிமா படம். அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பை கேரத்தில் போன வருஷம் மூன்று தங்கம் வாங்கினாரே, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள், அவர்தான். அந்தப் படத்துக்கும் பொட்டு. "மரிய இருதயத்துக்கப்புறம் நம்ம பக்கத்துப் பொண்ணு" என்கிறார். (மரிய இருதயம், கேரத்தில் உலக சாம்பியனாக இருந்த சென்னைக்காரர்.)

அப்புறம் விதிமீறல் நம்பர் இரண்டு. ஓய்வூதியர்கள் வருஷா வருஷம் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். போன வருஷம் வங்கியில் விரல்ரேகைக் கருவி இவரைப் படிக்கவே இல்லையாம், வெல்டிங்கில் ரேகை தேய்ந்துவிட்டது. மூன்று நடை. இப்போது போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று சொன்னேன். இன்றைக்கு வங்கிக்கு லீவு, ஆப்புக்கு லீவு கிடையாது. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து போனைப் பிடித்தேன்.

"கண்ணைச் சிமிட்டுங்க."

"எதுக்கு?"

"உயிரோட இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியணும்."

முறைத்தார். ஆப் ஏற்கவில்லை. மறுபடி. கண்புரை ஆபரேஷன் ஆன கண், சிமிட்டச் சொன்னால் இரண்டையும் இறுக மூடிக்கொள்கிறார். ஐந்தாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்து, சிரித்ததில் கண் சிமிட்டி, டிக் விழுந்தது.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கவர்மெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேக்குது உயிரோட இருக்கியான்னு. நீ வாரா வாரம் கேக்கறே. உட்காருப்பா, காய அடுக்கு."

அக்டோபர் 12

ஹாஸ்டலில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், "கிழவர்களுக்கு மட்டும்தானா, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயம். உலக சுகாதார நிறுவனம் இந்த ஜூன் கடைசியில் வெளியிட்ட அறிக்கையில், ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை இருக்கிறது, இளைஞர்களிடம் அது அதிகம் என்கிறது. தம்பி, ஆறு பேர் தங்கும் அறையில் உங்களுக்கு இருக்கும் தனிமையைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, உபதேசம் செய்யமாட்டேன். அயனாவரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். கேரத்துக்கு நாலு கை தேவைப்படுகிறது. பெரியவர் என்னோடு ஆடி அலுத்துவிட்டார்.

அப்புறம், எண் கேட்டவர்களுக்கு: 14567, மத்திய அரசின் முதியோர் உதவி எண். ஓய்வூதியச் சந்தேகம், துன்புறுத்தல், மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதது, எதற்கும் கூப்பிடலாம்.

நவம்பர் 9

ஜூலையிலிருந்து தள்ளிப்போட்டுவந்த போனை இன்று செய்துவிட்டேன். வில்லிவாக்கம் புலவருக்கு. மூன்று வருஷம் ஆகப்போகிறது. எடுக்கமாட்டார் என்று பாதி ஆசையோடுதான் டயல் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பெயர் சொன்னேன். கொஞ்சம் மௌனம்.

"அடுத்த புதன் என்றீர்கள். எந்த ஆண்டு என்று சொல்லவில்லை."

மன்னிப்புக் கேட்டேன். மாமியார் பொய்யையும் சொல்லிவிட்டேன். "மாமியார் இப்போது நலமா?" என்று கேட்டார். இப்போதுதான் நிஜமாகவே மூட்டு வலி என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு.

என்ன சொல்லிப் போவது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைக் கேட்டேன். இணையத்தில் கொஞ்சம் எழுதுகிறேன் ஐயா, பிழை நிறைய இருக்கும், பார்த்துத் தருவீர்களா? "அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் படிக்கமாட்டேன். வரிக்கு வரி இடைவெளி வேண்டும்" என்றார். சனிக்கிழமை பத்து மணி. புதன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அந்தக் கிழமைமேல் நம்பிக்கை இல்லையாம்.

டிசம்பர் 7

சேலம் வாசகருக்கு: உங்கள் அம்மா பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குப் பூக்கட்டச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண் கேட்டாளா, நீங்கள் சொல்லிக் கேட்கவைத்தீர்களா? நீங்கள் சொல்லித்தான் என்றால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கட்டுகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

இந்த இழை முழுவதையும் அச்செடுத்துப் புலவரிடம் கொடுத்திருந்தேன், நான் ஓடிப்போன கதையையும் சேர்த்து. நேற்று திரும்பி வந்தது. அந்தப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "அருகாமை" பக்கத்தில் மட்டும் ஒரு சரி போட்டிருந்தார். மற்ற இடமெல்லாம் வட்டம். "ஒரு அமைப்பு" இல்லை, "ஓர் அமைப்பு". "சின்ன சின்ன" இல்லை, "சின்னச் சின்ன". "முயற்சிக்கிறேன்" என்பதற்கு இரண்டு கோடு, ஓரத்தில் "முயல்கிறேன், எத்தனை முறை சொல்வது?" பழைய பதிவை இங்கே திருத்த வழியில்லை, அதனால் இதையே திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 17 குறிப்பில் "சிகப்பு" என்பதை அடித்துச் "சிவப்பு" என்று எழுதியிருந்தார். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கேரம் போர்டில் அது சிகப்புதான் ஐயா என்றேன். ஆட்டம் தெரியாமல் எப்படி ஏற்பது என்கிறார். அடுத்த சனிக்கிழமை அயனாவரத்தாரை வில்லிவாக்கத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போகிறேன். போர்டு மடியில், பல்பு அவர் பையில்.